மூட்டம் என்று குறித்த நட்சத்திரம்

வருகிற திங்கட்கிழமை என் கதிரையில், புதிதாக வேலைக்கு வரும் உங்கள் இருவரில் ஒருவர் உட்காருவார். அது கொஞ்சம் இடப்பக்கம் சாயும். காலுக்கடியில் ஓர் அட்டைத் துண்டை மடித்து வைத்திருக்கிறேன். கூட்டும்போது நகர்ந்துவிட்டால் மறுபடி வையுங்கள். யன்னலைப் பின்னேரம் மூன்று மணிக்கு முன் சாத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மூட்டம் உள்ளே வந்து திரையில் ஈரம் படியும். பத்து மணிக்குக் கீழே பேக்கரியில் பாண் வேகிற வாசனை மேலே ஏறும். அந்த நேரத்தில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, இது போதுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போதாது என்றுதான் தோன்றியது. முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவளைப் போல அறிவுரை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்த அறையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெறுகிறவள்தான். ஆசிரியை நியமனம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பாடசாலை. மகளும் பக்கத்தில் இருப்பாள். சந்தோஷமாகத்தான் போகிறேன். போகுமுன் ஒரு நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நம் வேலையை வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தலவாக்கலையில் பேக்கரிக்கு மேல்மாடியில் நான்கு பெண்கள் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கிறோம் என்றால், “பகல்லயா?” என்று கேட்பார்கள். பகலில்தான். வேறொரு கண்டத்தில், மழையை அறியாத ஒரு மேட்டுப் பாலைவனத்தில், தொலைநோக்கி ஒன்று படம் எடுக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரத்தின் வெளிச்சமும் புள்ளி புள்ளியாகக் கோர்த்த ஒரு கோடாக நமக்கு வருகிறது. கோடு நேராகப் போனால் கணினியே பார்த்துக்கொள்ளும். எங்காவது இறங்கினால், அது ஏன் இறங்கியது என்று ஒரு மனிதக் கண் சொல்ல வேண்டும். நட்சத்திரத்துக்கு முன்னால் அதன் கோள் கடந்துபோனாலும் கோடு இறங்கும். தொலைநோக்கிக்கு மேலே உயரத்தில் மெல்லிய மேகம் கடந்துபோனாலும் இறங்கும். எது எது என்று பிரிப்பதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

சொல்வதற்கு மூன்றே பதில்கள். மூன்று விசைகள். உண்மையான இறக்கம், சந்தேகம், வானிலைக் குறை.

முதல் ஆறு மாதமும் நான் அழுத்தியது சந்தேகம் என்ற விசையைத்தான். அப்படித்தான் என் சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பிடம்வரை வந்து, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பிப் போகிறவள் நான். பக்கத்து மேசையில் இருந்தவள் என்னைவிட இரண்டு வயது இளையவள், ஆனால் வேலையில் எனக்கு மூத்தவள். உடப்புசல்லாவையிலிருந்து வந்து டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வேலை பழக்கியது அவள்தான். ஒரு கோட்டைப் பார்க்க அவளுக்கு அரை நிமிடம் போதும்.

“அக்கா, அந்தப் பட்டன் தேஞ்சு போச்சு, பாத்தீங்களா? எழுத்தே தெரியல” என்பாள். “கல்யாணத்துக்கு மாப்பிள்ள பாக்க வந்தப்பவும் சந்தேகம்னுதான் அமுக்குனீங்களா?”

“அப்பவும் யோசிச்சேன்தான்.”

“பாவம் அண்ணே!”

அறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் ஏழாம் மாதம் கொழும்பிலிருந்து மேற்பார்வை மிஸ் ஒரு கடிதம் அனுப்பினார். நல்ல மனுஷி, கடிதமும் மரியாதையாகத்தான் இருந்தது. நாம் சந்தேகம் என்று அனுப்புகிற ஒவ்வொன்றையும் வேறு யாரோ மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இயன்றவரை முடிவு சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். யார் பெயரும் அதில் இல்லை. மற்ற மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து நான் திருந்தினேன். திருந்தினேன் என்பது அந்த நேரத்து நினைப்பு.

இந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூன்றாவது விசைக்கு நாங்கள் வேறு பெயர் வைத்திருந்தோம். மெதுவாக, விளிம்பே தெரியாமல் வழுக்கி இறங்குகிற கோட்டைக் கண்டால், எங்களில் யாரானாலும் “மூட்டம்” என்போம். மலையில் பிறந்தவர்களுக்கு அது கண்ணால் கண்ட விஷயம். வெளிச்சம் இருக்கும், எதிர் மலை கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், எப்போது மறைந்தது என்று சொல்ல முடியாது. அதையே கோடாக வரைந்தால் இப்படித்தான் இருக்கும். மேசைக்கு மேசை அந்த விசையில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பேனாவால் “மூ” என்று எழுதிவைத்திருந்தோம். “என்னா அது?” “மூ தான்.” முடிந்தது. அதே படத்தில் இருக்கிற அக்கம்பக்கத்து நட்சத்திரங்களின் கோடுகளையும் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் நம் இணைப்பில் அது திறக்கப் பத்து நிமிடம் எடுக்கும். மழை பெய்தால் இன்னும் கூட. மூட்டத்தை அடையாளம் காண எங்களுக்கு அதெல்லாம் தேவையா என்ன?

பாலைவனத்தில் மூட்டம் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே மழை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். சுவரில் அந்த இடத்தின் படம்கூட மாட்டியிருக்கிறோம். சிவந்த மண், ஒரு புல் இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு வருடம் மூ போட்டோம்.

எனக்கு அந்த விசை பெரிய ஆறுதலாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எதையாவது பார்த்த உடனேயே முடிவு சொல்லத் தெரிந்த பெண்ணாக இருந்தேன். பிரசவ விடுமுறை முடிந்து திரும்பியபோது அது இன்னும் தேவைப்பட்டது. எட்டு மாதக் குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வருகிறேன். அங்கே வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஒரே கூரையின் கீழ். பால் குடித்தாளா, அழுதாளா, கம்பளிச் சட்டையைக் கழற்றினார்களா என்று மனம் முழுக்க அங்கேயே கிடக்கும். வேலையிலாவது சந்தேகம் இல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

இனி அந்த நட்சத்திரம். அதற்குப் பெயர் கிடையாது, நீளமான ஓர் இலக்கம்தான். சூரியனைப் போல இருந்து வயது போனது. மையத்தில் எரிய வேண்டிய ஐதரசன் தீர்ந்து மெல்ல வீங்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் முழுப் பெருவிண்மீன் ஆகவில்லை. இந்த இடைப்பட்ட நிலையில் இருப்பதைத் துணைப் பெருவிண்மீன் என்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு ஐந்தாம் மாதத்தில் நான் பஸ்ஸில் நின்ற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழும்பி இடம் கொடுப்பதா, கொடுத்தால் கோபிப்பாளா என்று உட்கார்ந்திருப்பவர்கள் தடுமாறுவார்கள்.

நட்சத்திரம் பெருத்துப்போனால், அதற்கு முன்னால் போகும் கோள் வியாழனைப் போலப் பெரிதாக இருந்தாலும், மறைக்கிற பங்கு சின்னதுதான். அந்த அகன்ற முகத்தைக் கடந்து முடிக்க நேரமும் பிடிக்கும். ஓர் இரவுக்குள் முழுவதும் பார்க்கக் கிடைக்காது. கிடைப்பது ஒரு சரிவு மட்டும். இறங்குகிற சரிவு, அல்லது ஏறுகிற சரிவு. மெதுவாக, வழுக்கிக்கொண்டு.

மூட்டம் மாதிரியே.

ஒவ்வொரு பருவமும் முடியும்போது ஒரு பட்டியல் வரும். இறக்கம் கண்டும், அத்தனை இறக்கங்களுக்கும் வேறு காரணம் சொல்லப்பட்ட நட்சத்திரங்கள் அதில் இருக்கும். நாம் ஒப்பமிட்டு அனுப்பினால், தொலைநோக்கி அவற்றை விட்டு வேறு நட்சத்திரங்களுக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான், பிறகு யாரும் அதைத் தேடிப் போவதில்லை. அந்த வருடம் பட்டியல் புதன்கிழமை வந்தது. வெள்ளி பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஒப்பமிடுகிற முறை என்னுடையது. நாற்பது இலக்கங்களில் ஒன்று மூன்று மூ வாங்கியிருந்தது. முதலாவது பக்கத்து மேசைக்காரி போட்டது. மற்ற இரண்டும் என்னுடையவை. புதன்கிழமை நான் அதைக் கவனிக்கவே இல்லை. பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, நாளைக்கு ஒப்பமிடலாம் என்று வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பிள்ளைக் காம்பராவில் நிறை பார்க்கிற நாள். நான் தாமதித்து நின்றேன். மகளைத் தராசுத் தொட்டிலில் வைத்தார்கள். கிளினிக் கொப்பியில் புள்ளி வைத்தபோது, இதுவரை ஏறிக்கொண்டிருந்த கோடு கீழே வளைந்தது.

கோடு பார்க்கிற வேலை செய்கிறவளுக்கு அந்த வளைவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காரணம் நான்தான். பால் போதவில்லை. விட்டுவிட்டுப் போனது தவறு. இன்றைக்கே வேலையை விட்டுவிட வேண்டும். புள்ளி காய்வதற்குள் இவ்வளவும் யோசித்துவிட்டேன்.

பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர் என் வயதுக்காரி. குரல் பக்கத்து டிவிசன்வரை கேட்கும்.

“ஏங்க, எதுக்கு இப்பிடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க?”

“புள்ளைக்கு நிறை எறங்கிருச்சுங்க.”

“ஒங்க புள்ளைக்கு மட்டுமா எறங்கியிருக்கு? இங்க வாங்க.” என் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்துக்கொண்டு போனார். மற்றப் பிள்ளைகளின் கொப்பிகள் அடுக்கியிருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து விரித்தார். “இது கணக்கப்பிள்ள வீட்டுப் பேரன். எறங்கியிருக்கா? இது மேல் லயத்துப் புள்ள. எறங்கியிருக்கா? இந்தக் குண்டன்கூட எறங்கியிருக்கான், பாருங்க. போன மாசம் பூரா எல்லாத்துக்கும் சளி, வயித்தால போக்கு. எல்லாரு கோடும் எறங்கியிருந்தா அது சளி. ஒங்க புள்ள கோடு மட்டும் எறங்கியிருந்தா நானே ஒங்களக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். போங்க, போயி வேலயப் பாருங்க.”

பக்கத்தில் நின்ற மருத்துவ மாதும் ஆமாம் என்று தலையாட்டினார். அடுத்த மாதம் ஏறாவிட்டால் பார்க்கலாம் என்றார். மகள் தொட்டிலில் தன் கால் விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை.

பஸ்ஸில் ஏறியபோது எனக்கு உடம்பு இலேசாகிவிட்டது. தலவாக்கலை டவுன் தெரிகிற வளைவுவரை நிம்மதியாகத்தான் வந்தேன். அந்த வளைவில்தான் அவர் சொன்னதை மறுபடி எனக்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாருடைய கோடும் இறங்கியிருந்தால் சளி. ஒருத்தியுடையது மட்டும் என்றால் வேறு. இரண்டு வருடமாக நாங்கள் பக்கத்துக் கோடுகளைத் திறந்தே பார்த்ததில்லையே?

அறைக்குப் போனதும் பட்டியலை எடுத்தேன். மூன்று மூ வாங்கியவற்றை மட்டும் பார்ப்போம் என்று தொடங்கினேன். அது ஒன்றே ஒன்றுதான். அக்கம்பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வெளியே மழை. ஒரு கோடு வந்தது. நேராக இருந்தது. இரண்டாவது வந்தது, அதுவும் நேராக. பன்னிரண்டு அயல் நட்சத்திரங்கள். பன்னிரண்டும் ஒரு சலனமுமில்லாமல் நேராகப் போயின. எங்கள் கிழட்டு நட்சத்திரம் மட்டும் தனியாக இறங்கியிருந்தது. மூன்று தடவையும் அப்படியே.

பிறகு திகதிகளைப் பார்த்தேன். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் பதினெட்டு நாள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் முப்பத்தாறு, இரண்டு பதினெட்டு.

பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, “மூ தானே?” என்றாள்.

“மூட்டம் நாள் பாத்து வருமா? பதினெட்டு நாளுக்கு ஒருக்கா?”

“ஏன் வராது? நம்ம ஊர்ல மூணு மணின்னா டாண்ணு வருது.”

“இது நம்ம ஊரு இல்ல புள்ள.” சுவரில் இருந்த சிவந்த மண்ணைக் காட்டினேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போயிற்று. யன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, இத நீங்க எழுதுனா இது ஒன்னோட நிக்காது. இது தப்புன்னா ரெண்டு வருசமா நாம போட்ட எல்லா மூவும் என்னாங்கன்னு கேப்பாங்க. அடுத்த மாசம் இந்த ரூம வச்சிருக்கிறதா மூடுறதான்னு பேசப் போறாங்க. ஒங்களுக்குத் தெரியும்ல?”

தெரியும். அதுவும் மேற்பார்வை மிஸ்ஸின் இன்னொரு கடிதத்தில் வந்திருந்தது.

“எங்க குடும்பத்துல கதிரையில உக்காந்து வேல செய்யிற மொத ஆளு நான். ஒரு வெளிச்சப் புள்ளிக்காக நாலு பேரு கதிரையையும் இழுக்கப் போறீங்களா? அங்க ஒன்னும் இல்லாமலே இருக்கலாம். இருக்கும்னு சத்தியம் பண்ணுவீங்களா?”

“இல்ல.”

“அப்ப?”

அவள் சொன்னது கெட்ட வார்த்தை அல்ல. என் மனதிலும் அதே கணக்குத்தான் ஓடியது. ஒப்பமிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நட்சத்திரம் போய் யாரிடமும் முறையிடாது. ஒப்பமிடாமல் வீட்டுக்குப் போனேன்.

என் கணவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் மின்சார வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். அன்று பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டார். இடையில் மூன்று தடவை எழும்பிப் போய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

“புள்ளைக்கு ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சுமே மூணு தரம் தொட்டுப் பாத்துட்ட” என்றார். “அந்த நட்சத்திரத்த ஒருக்காத் தொட்டுப் பாக்கச் சொன்னா என்னா?”

“ரூம மூடிட்டா?”

“மூடுனா மூடட்டும். நீ ஒப்பம் போட்டுட்டு வந்தா, என்னா செய்வேன்னு எனக்குத் தெரியும். பதினெட்டு நாளைக்கு ஒருக்கா எந்திரிச்சு ஒக்காந்துக்குவ.”

வெள்ளி காலை, மேற்பார்வை மிஸ்ஸுக்கு என்ன எழுதுவது என்று பஸ்ஸிலேயே சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அழித்தேன். பதினொரு மணிக்கு நான்காவதைத் தட்டிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. திரைகள் கறுத்தன. மழைக்கு எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, பின்னேரம்தான் வரும் என்று கீழே பேக்கரியில் சொன்னார்கள். பன்னிரண்டு மணி தாண்டினால், ஒப்பம் வராத பட்டியல் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். அதுவும் விதி.

எழுதி, திருத்தி, மறுபடி வாசித்து அனுப்புகிற வசதி போய்விட்டது. மிச்சம் இருந்தது தொலைபேசி மட்டும். அறைக்குள் சிக்னல் வராது. பேக்கரிப் படிக்கட்டின் நடுவில், மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் வரும். அங்கே போய் நின்றேன். இலக்கத்தை இரண்டு தடவை தவறாக அழுத்தியதைப் பார்த்துவிட்டு மாவு பிசைகிறவர் கேட்டார்.

“என்னா தங்கச்சி, யாருக்குச் சொகமில்ல?”

“ஒரு நட்சத்திரத்துக்குண்ணே.”

அவர் தன் பேட்டரி வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.

மேற்பார்வை மிஸ்ஸோடு நான் எப்போதும் சிங்களத்தில்தான் பேசுவேன். என்னை நங்கி என்பார், தங்கச்சி என்று. இலக்கத்தைச் சொன்னேன். மூன்று தடவையும் வானிலைக் குறை என்று போட்டதைச் சொன்னேன். இரண்டு நான் போட்டவை என்றேன். அயல் நட்சத்திரங்களைத் திறந்து பார்க்காமல் போட்டேன் என்றேன். இந்த ஒன்றுக்கு மட்டுமல்ல, எந்த ஒன்றுக்கும் பார்ப்பதில்லை என்றும் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஹலோ என்றேன்.

“இருக்கிறேன் நங்கி” என்றார். பிறகு கேட்டார்: “நீங்கள் இப்போது சொல்வது உறுதியா, சந்தேகமா?”

அந்தக் கேள்வியை அவர் வேண்டுமென்று கேட்டாரா, பழக்கத்தில் கேட்டாரா என்று இன்றைக்கும் தெரியாது. நான் அதுவரை அந்த இரண்டையும் இரண்டு விசைகளாக மட்டுமே நினைத்திருந்தேன். ஒன்றை அழுத்தினால் மற்றதை அழுத்த முடியாது. படிக்கட்டில் நின்றபோது வாயில் வந்தது இது:

“அது மேகம் இல்லை என்பது உறுதி மிஸ். அது கோள் என்பது சந்தேகம்.”

எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பக்கத்து மேசைக்காரி இரண்டு படி மேலே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கையை நீட்டி, “குடுங்க” என்றாள். நிறுத்தத்தான் வாங்குகிறாள் என்று நினைத்து இறுகப் பிடித்தேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

“மிஸ்” என்றாள். அவளுடைய சிங்களம் என்னுடையதைவிட நல்லது. “முதலாவதைப் போட்டது நான். பார்க்காமல் போடலாம் என்று இவர்களுக்குப் பழக்கியதும் நான்தான்.”

போனைத் திருப்பித் தந்துவிட்டு, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். மாவு பிசைகிறவர் சூடாக ஓர் இனிப்புப் பனிஸ் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மேற்பார்வை மிஸ் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான். அந்த இலக்கத்தைப் பட்டியலிலிருந்து நான் எடுத்துவிடுகிறேன். மற்றதை எல்லாம் திங்கட்கிழமை பேசுவோம். இரண்டு பேரும் சாப்பிடுங்கள்.

திங்கட்கிழமை பேசினார். கோபமாகத்தான் பேசினார், அது நியாயம். இரண்டு வருடத்து மூக்கள் அத்தனையையும் அக்கம்பக்கத்தோடு திறந்து மறுபடி பார்க்கச் சொன்னார். நான்கு பேரும் சேர்ந்து பார்த்து முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. அறையை மூடவில்லை. மூட நினைத்தார்களா, நாங்களே சொன்னதால் விட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். அந்த மூக்களில் பெரும்பாலானவை உண்மையாகவே பாலைவனத்துக்கு மேலே உயரத்தில் போன மெல்லிய மேகம்தான், அல்லது கருவிக் கோளாறு. சில சந்தேகத்துக்குப் போயின. கோள் என்று முடிந்தது அந்த ஒரு நட்சத்திரம் மட்டும். அந்த வெள்ளிக்குப் பிறகு, பதினெட்டு நாள் கணக்கின்படி அடுத்த இறக்கம் வர வேண்டிய நாளில், வெவ்வேறு நாடுகளில் மூன்று தொலைநோக்கிகளைத் திருப்பி வைத்தார்கள். ஒன்று இறங்குகிற சரிவைப் பிடித்தது, ஒன்று அடித்தளத்தை, ஒன்று ஏறுகிற சரிவை. வேறு விதத்தில் அளந்தும் உறுதி செய்ய மாதக்கணக்கானது. வியாழனைப் போன்ற பெரிய கோள். வீங்கிக்கொண்டிருக்கிற அந்தக் கிழவியை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கட்டுரையில் நம் பெயர்கள் இல்லை. “கோடுகளைச் சரிபார்த்தவர்களுக்கு நன்றி” என்று ஒரு வரி இருக்கிறது. அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள் பக்கத்து மேசைக்காரி, சிவந்த மண்ணுக்குக் கீழே. இனி அவள்தான் உங்களுக்கும் பழக்கப் போகிறாள். அயல் கோடுகளைத் திறக்காமல் ஒரு விசையில் விரல் வைத்தால் கையில் அடிப்பாள். என்னையும் அடித்திருக்கிறாள். கோபிக்காதீர்கள்.

மகளின் கோடு அடுத்த மாதமே ஏறியது. எனக்கு இப்போதும் சந்தேகங்கள் குறையவில்லை. இந்தக் கடிதத்தையே எத்தனை தடவை திருத்தினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் எதில் சந்தேகம், எதில் இல்லை என்று இரண்டு பக்கமாகப் பிரித்து வைக்கப் பழகியிருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் இரண்டாவது பக்கத்தில் எப்போதும் ஏதாவது இருக்கிறது. நிற்பதற்கு அது போதுமான இடம். உங்களில் யாராவது என்னைப் போல வீடு பூட்டினேனா என்று திரும்பிப் போகிறவராக இருந்தால், வெட்கப்படாதீர்கள். போய்ப் பார்த்துவிட்டே வாருங்கள். அடுத்த பஸ் வரும்.

பதினெட்டு நாளுக்கு ஒருமுறை எங்கள் வீட்டு நாட்காட்டியில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். கணவர் வைத்தது. அன்றைக்குத் தொழிற்சாலைக்குப் போகுமுன், “இன்னைக்குத்தானே மறைக்குது?” என்பார். “ஆமா” என்பேன். வெளியே எதிர் மலைகூடத் தெரியாது. பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. என் விசைப்பலகையில் அந்த வெள்ளை ஸ்டிக்கரை உரித்துவிட்டேன். நகத்தால் சுரண்டியும் பிசின் முழுதாகப் போகவில்லை. மூன்றாவது விசையை அழுத்தப் போகும்போது விரல் அதில் கொஞ்சம் ஒட்டும். துடைக்க வேண்டாம். ஒட்டட்டும்.